பெர்மிட் முடிய 11 வாரம்: எதை, எப்போது அனுப்புவது?

கேள்வி:

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் படிக்கக் கனடா வந்தேன். ஒன்டாரியோவில் ஓர் அரசுக் கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளமா முடித்தேன். அதன்பின் இரண்டு ஆண்டு இரண்டு மாதத்துக்கு ஒர்க் பெர்மிட் கிடைத்தது. இப்போது பிராம்ப்டனில் ஒரு லாரி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பெர்மிட் முடிய இன்னும் 11 வாரம்தான். போன வாரம், மதிப்பெண் பார்த்து ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பம் அனுப்பச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூர் போலீஸ் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. "அதற்கெல்லாம் காத்திருக்காதே, பிரிட்ஜிங் பெர்மிட்டுக்கு இப்போதே போட்டுவிடு, முடிவு வரும்வரை வேலை பார்க்கலாம்" என்கிறார்கள் அறைத்தோழிகள். என் முதலாளியோ எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க முதலாளிக்கு அரசு தரும் அனுமதிக் கடிதம்) எடுத்துத் தருவதாகச் சொல்லி, செலவுக்கு 20,000 டாலர் கேட்கிறார். இதற்கிடையில் ஊரில் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை. ஒருமுறை போய்வர வேண்டும். பாஸ்போர்ட்டைப் போன ஆண்டுதான் புதுப்பித்தேன், அதில் சிக்கல் இல்லை. பெர்மிட் முடிந்த மறுநாள் நான் வேலைக்குப் போகலாமா, கூடாதா?

ஒரு வாசகி, பிராம்ப்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஆனால் அன்று ஏதோ ஒரு விண்ணப்பம் நிலுவையில் நின்று உங்களைத் தாங்க வேண்டும். அது எந்த விண்ணப்பம் என்பதில்தான் உங்கள் தோழிகளோடு எனக்கு உடன்பாடில்லை. சிக்கல் இல்லை என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பாஸ்போர்ட்டில்தான் உங்களுக்கான வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சட்டம். கனடாவின் குடிவரவு விதிமுறைகளில் 186ஆம் பிரிவின் 'யு' என்ற உட்பிரிவைத்தான் எல்லோரும் மெயின்டெயின்ட் ஸ்டேட்டஸ் என்கிறார்கள். பழைய ஆட்கள் இன்னும் இம்ப்ளைட் ஸ்டேட்டஸ் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பெர்மிட் முடியும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருக்க வேண்டும்; முடிந்த பிறகு கனடாவிலேயே தங்கியிருக்க வேண்டும்; பழைய பெர்மிட்டின் நிபந்தனைகளை, தேதி ஒன்றைத் தவிர, அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். இவை பொருந்தினால், முடிவு வரும் நாள்வரை வேலை பார்க்கலாம். உங்களுடையது ஓப்பன் பெர்மிட். அதனால் இடையில் நிறுவனம் மாறினாலும் தவறில்லை. குறிப்பிட்ட ஒரு முதலாளிக்குக் கட்டுப்பட்ட பெர்மிட்காரர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அதே முதலாளி, அதே வேலை.

ஆன்லைனில் விண்ணப்பித்தால், வேலையைத் தொடரலாம் என்று சொல்லும் ஒரு கடிதம் உங்கள் கணக்கில் வரும். அதை அச்செடுத்து அலுவலகத்தில் கொடுங்கள். அந்தக் கடிதத்திலும் ஒரு தேதி போட்டிருப்பார்கள். அந்தத் தேதி கடந்ததும் உங்களை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கும் மனிதவளத் துறையினர் உண்டு. வேலை செய்யும் உரிமையைத் தருவது விதி; கடிதம் அதற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். முடிவு வராதவரை உரிமை இருக்கிறது என்பதை மேலே சொன்ன பிரிவு எண்ணோடு எழுதிக் கொடுங்கள். 9இல் தொடங்கும் உங்கள் சின் (சமூகக் காப்பீட்டு) எண்ணும் மாறப்போவதில்லை. புதிய பெர்மிட் வந்ததும் சர்வீஸ் கனடாவில் தேதியை மட்டும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை உங்கள் தோழிகள் சொன்னதும் சரிதான். அதற்கு மேல்தான் ஆபத்து. இந்தப் பாதுகாப்புக்குத் தனி உயிர் கிடையாது. எந்த விண்ணப்பத்தின் மேல் அது நிற்கிறதோ அந்த விண்ணப்பம் விழுந்தால், அன்றே உங்கள் வேலை உரிமையும் போய்விடும். பிரிட்ஜிங் ஓப்பன் பெர்மிட் என்பது பி.ஆர். விண்ணப்பத்தை அனுப்பி, அது முழுமையானது என்று ஏற்கப்பட்டவர்களுக்கானது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயர் பதிந்திருப்பது போதாது. உங்கள் கையில் இருக்கும் அழைப்பும் போதாது. விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகைக் கடிதத்தை இணைக்க வேண்டும். அது இல்லாமல் இப்போதே பிரிட்ஜிங்குக்குப் போடுவது மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது. சில மாதங்கள் ஓடும். பிறகு மறுப்பு வரும். ஒரு புதன்கிழமை பிற்பகல் கணக்கைத் திறந்து பார்க்கும் அந்த நிமிடத்தோடு நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும்.

"மறுத்தால் என்ன, அதற்குள் இன்னொன்று போட்டுவிடலாம்" என்று அடுத்த யோசனை வரும். பெர்மிட் தேதிக்குள் அனுப்பிய இரண்டாவது விண்ணப்பம் என்றால் அது உங்களைத் தாங்கும். தேதி கடந்த பிறகு, முதல் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் தைரியத்தில் அனுப்பியது என்றால், முதலாவது மறுக்கப்படும்போது அது கை கொடுக்காது. இந்த வேறுபாட்டை ஸ்கார்பரோவின் பாதிக் குடிவரவு ஆலோசனைக் கடைகளில் யாரும் சொல்லித் தருவதில்லை.

இதைவிட அற்பமான காரணத்தாலும் விண்ணப்பம் விழும். ஓப்பன் பெர்மிட்டுக்குக் கட்டணம் இரண்டு துண்டாக இருக்கிறது: பெர்மிட்டுக்கு 155 டாலர், ஓப்பன் பெர்மிட் வைத்திருப்பவர் என்பதற்காக இன்னொரு 100 டாலர். 155ஐ மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முழுமையற்றது என்று அந்த விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. திரும்பி வரும் நேரத்தில் பெர்மிட் தேதி கடந்திருந்தால் கதை முடிந்தது.

இப்போது பாஸ்போர்ட். இரண்டாண்டுப் படிப்புக்குப் பிந்தைய பெர்மிட் பொதுவாக மூன்று ஆண்டுக்குத் தரப்படுவது. உங்களுக்கு இரண்டு ஆண்டு இரண்டு மாதம்தான் தந்திருக்கிறார்கள். ஏன்? பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி பெர்மிட் தரமாட்டார்கள். பழைய பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முடியும் தேதிகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே நாள் என்றால், உங்கள் உரிமையில் மீதமுள்ள பத்து மாதங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. படிப்புக்குப் பிந்தைய பெர்மிட் வாழ்நாளில் ஒருமுறைதான், அதைப் புதுப்பிக்கவும் முடியாது என்பது பொது விதி. பாஸ்போர்ட் தேதியால் குறைந்துபோனவர்கள் புதிய பாஸ்போர்ட்டைக் காட்டி மீதிக் காலத்தைக் கேட்டு வாங்கலாம் என்பது அதற்கு விலக்கு. வருபவர்களில் பலர் பொது விதியை மட்டும் கேள்விப்பட்டு, தங்களுக்கு உரிய மாதங்களைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

எனவே நீங்கள் முதலில் அனுப்ப வேண்டியது இந்த விண்ணப்பம். பழைய பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், புதிய பாஸ்போர்ட், இப்போதைய பெர்மிட், கல்லூரி தந்த படிப்பு நிறைவுக் கடிதம், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு ஒரு பக்கத்துக்கு மிகாத விளக்கக் கடிதம் வையுங்கள். அதில் வாழ்க்கை வரலாறு வேண்டாம். படிப்பு எத்தனை மாதம், பெர்மிட் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது, பழைய பாஸ்போர்ட் எந்த நாளில் முடிவதாக இருந்தது, எந்த நாள்வரை நீட்டிப்புக் கேட்கிறேன் என்ற நான்கு செய்திகள் போதும். கோப்பைத் திறக்கும் அதிகாரி அந்த நான்கைத்தான் தேடுவார். பெர்மிட் முடிய 30 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பியுங்கள் என்று குடிவரவுத் துறையே சொல்கிறது. உங்களைத் தடுத்து நிறுத்தும் ஆவணம் எதுவும் இல்லாதபோது இந்த மாதமே அனுப்பிவிடுங்கள். கடைசி நாள் இரவு கிரெடிட் கார்டு வேலை செய்யாமல் அழைப்பவர்களிடம் சொல்ல என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை.

இது அனுப்பப்பட்டுவிட்டால் பி.ஆர். விண்ணப்பத்துக்கும் மூச்சு விட இடம் கிடைக்கிறது. அழைப்பு வந்த நாளிலிருந்து உங்களுக்கு 60 நாட்கள். பெர்மிட் பயம் இல்லாததால் அந்த 60 நாளையும் ஆவணங்களைச் சரிசெய்யவே பயன்படுத்தலாம். சிங்கப்பூர் சான்றிதழுக்கு விரல் ரேகை எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். அதை இன்றைக்கே தொடங்குங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் 18 வயதுக்குப் பிறகு தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த, கனடா தவிர்த்த ஒவ்வொரு நாட்டுக்கும் இந்தச் சான்றிதழ் தேவை என்பதால் இந்தியாவுடையதும் வேண்டும். 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்தோடு மருத்துவப் பரிசோதனையும் சேர்த்தே வைக்க வேண்டும். முன்பெல்லாம் அனுப்பிய பிறகு கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது உங்கள் வேலை அனுபவக் கடிதம்தான். கணக்குப் பிரிவில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். தேசியத் தொழில் வகைப்பாட்டில் அது இரண்டு இடத்தில் விழலாம். கணக்குத் தொழில்நுட்பர், புத்தகக் கணக்காளர் என்றால் எண் 12200, டீர் எனும் திறன் நிலையில் 2. கணக்கு எழுத்தர் என்றால் எண் 14200, டீர் 4. எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் கனடிய அனுபவப் பிரிவுக்கு டீர் 0 முதல் 3 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். பில்களைப் பதிந்து, ரசீதுகளைக் கோத்து வைப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் நீங்கள் எழுத்தர். பேரேட்டைச் சமன் செய்து, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, மாத இறுதி அறிக்கை தயாரித்து, விற்பனை வரிக் கணக்கையும் தாக்கல் செய்கிறீர்கள் என்றால் புத்தகக் கணக்காளர். உங்கள் மேசையில் என்ன பெயர்ப் பலகை இருக்கிறது என்று அதிகாரி பார்ப்பதில்லை. கடிதத்தில் உள்ள கடமைகளைப் பார்ப்பார். கடிதம் நிறுவனத்தின் தாளில், பதவி, சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், சலுகைகள், உண்மையில் செய்யும் கடமைகள் ஆகியவற்றோடு, கையொப்பமிட்டு வர வேண்டும். அரசு இணையதளத்தில் உள்ள கடமைப் பட்டியலை வரி மாறாமல் நகலெடுத்துக் கொடுத்தால் அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். நீங்கள் தினமும் செய்வதை நீங்களே எழுதி, மேலாளரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். உங்கள் வேலை உண்மையிலேயே டீர் 4 என்றால், அழைப்பை ஏற்று விண்ணப்பிப்பதே ஆபத்து. அப்படித் தோன்றினால் அனுப்புவதற்கு முன் உரிமம் பெற்ற ஒருவரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

பி.ஆர். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு பிரிட்ஜிங்குக்குத் தகுதி வந்துவிடும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பங்களை ஆறு மாதத்தில் முடிப்பதைத்தான் துறை இலக்காக வைத்திருக்கிறது. உங்கள் நீட்டிப்புக் காலம் முடியும் முன்பே பி.ஆர். வந்துவிட்டால் பிரிட்ஜிங் தேவையே இல்லை; இழுத்தடித்தால் அப்போது அதைக் கேளுங்கள்.

தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, பாஸ்போர்ட் காரணமில்லை என்று தெரிந்தால் கணக்கு மாறும். அப்போது பி.ஆர். விண்ணப்பமும் பிரிட்ஜிங்கும் ஒன்றன்பின் ஒன்றாக இந்த 11 வாரத்துக்குள் போயாக வேண்டும். 60 நாளையும் முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஐந்து வாரத்தில் முடிக்கப் பாருங்கள். அரைகுறையாக அனுப்பி, முழுமையற்றது என்று திரும்பி வந்தால் பிரிட்ஜிங்கும் அதோடு போய்விடும்.

உங்கள் முதலாளி கேட்கும் 20,000 டாலர் பற்றி. எல்.எம்.ஐ.ஏ.வுக்கு அரசு வாங்கும் கட்டணம் ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும். ஊழியரிடமிருந்து வசூலிக்கக் கூடாது என்பது விதி. மீதி 19,000 எதற்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தக் கடிதத்தை இவ்வளவு விலைக்கு விற்கும் வியாபாரம் பெருகியதே எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை உத்தரவாதத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்ததால்தான். 2025 மார்ச் 25 அன்று அந்த மதிப்பெண்ணை எடுத்துவிட்டார்கள். சரக்குக்கு மதிப்புப் போன பிறகும் விலை மட்டும் இறங்கவில்லை. தவிர, 2024 செப்டம்பர் 26 முதல், வேலையின்மை 6 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பெருநகரப் பகுதிகளில் குறைந்த ஊதியப் பிரிவு விண்ணப்பங்கள், சில தொழில்களைத் தவிர, பரிசீலிக்கப்படுவதில்லை. பிராம்ப்டன் டொரொண்டோ பெருநகரப் பகுதிக்குள் வருகிறது. உங்கள் சம்பளம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதைக்கூட அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பணம் கொடுத்து வாங்கிய கடிதம் பொய்யானது என்று தெரியவந்தால், தவறான தகவல் தந்ததாக ஐந்து ஆண்டு தடை விழக்கூடும். விழுவது உங்கள் மேல். அழைப்பு கையில் இருக்கும் நேரத்தில் அந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்காதீர்கள். அவர் கேட்ட தொகை குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ இருந்தால் அழிக்க வேண்டாம். இதே பேச்சைப் பேசும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல அனுமதி உள்ளவர்கள் வழக்கறிஞர்கள், ஒன்டாரியோவில் சட்டச் சங்க உரிமம் பெற்ற பாராலீகல்கள், கியூபெக் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் 'கல்லூரி' என்ற அமைப்பில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே. உரிம எண்ணைக் கேட்டு, பதிவேட்டில் தேடிப் பாருங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடமிருந்து கிளம்பிவிடலாம்.

இந்த நிலையில் அழைப்பும் இல்லாமல், பாஸ்போர்ட் வழியும் இல்லாமல் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. பெர்மிட் முடியும் முன் வருகையாளராக மாற விண்ணப்பித்தால் தங்குவது சட்டப்படியாக இருக்கும். ஆனால் பழைய பெர்மிட் முடிந்ததும் வேலை பார்க்கக் கூடாது. வருகையாளராக இருந்துகொண்டே உள்ளிருந்து ஒர்க் பெர்மிட் கேட்க அனுமதித்த தற்காலிக ஏற்பாடு 2024 ஆகஸ்ட் 28 அன்று முடிந்துவிட்டது. எல்லைக்குப் போய்ச் சுற்றிவந்து பெர்மிட் வாங்கும் பழைய வழியும் அதே ஆண்டு டிசம்பர் 23 முதல் அடைபட்டது. தேதியைத் தவறவிட்டவர்களுக்கு நிலையை மீட்டெடுக்க விண்ணப்பிக்க 90 நாட்கள் உண்டு; அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது, ரொக்கக் கூலிக்கும்தான். புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு படித்து வந்தவர்கள் ஃபிராங்கோஃபோன் மொபிலிட்டி திட்டத்தைப் பாருங்கள். 2023 ஜூன் முதல் பிரெஞ்சுப் பேச்சிலும் கேட்பதிலும் கனடிய மொழி அளவுகோலில் ஐந்தாம் நிலை இருந்தால் போதும். கியூபெக்குக்கு வெளியே வேலை, எல்.எம்.ஐ.ஏ. தேவையில்லை, முதலாளி கட்ட வேண்டியது 230 டாலர்.

கடைசியாக அப்பாவைப் பார்க்கப் போவது. விதியே 'கனடாவில் தங்கியிருந்தால்' என்று சொல்வதால், பெர்மிட் தேதி கடந்து விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் காலத்தில் விமானம் ஏறாதீர்கள். திரும்பி வரவும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். இப்போது போவது வேறு. நீட்டிப்பு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, பெர்மிட் முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே திரும்பி வரும்படி டிக்கெட் எடுங்கள். எடுப்பதற்கு முன் விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள்; படிக்க வந்தபோது ஒட்டியது காலாவதியாகியிருந்தால் பெர்மிட் செல்லுபடியானாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். செல்லுபடியாகும் விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் கொண்டு போங்கள், பழையதைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அறுவைச் சிகிச்சை தள்ளிப்போய் அந்தக் காலத்துக்குள் போக முடியாவிட்டால், புதிய பெர்மிட் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதோடு விசா தானாக வராது. அதற்குக் கனடாவிலிருந்தே தனியாக விண்ணப்பித்து, வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.